மோதிரம் சுமந்த மணி

ஒத்திகையில் யாரோ கைதட்டியதும் எங்கள் நாய் மணி நாற்காலிக்கு அடியில் பதுங்கிவிட்டது. காதுகள் பின்னால் மடிந்திருந்தன, வால் கால்களுக்கிடையே ஒட்டிக்கிடந்தது. மணிதான் மோதிரம் சுமந்து வரவேண்டும், திருமணத்துக்கு இன்னும் 3 வாரங்கள்தான்.

கைதட்டலைக் கைபேசியில் பதிவு செய்தேன். முதலில் காதில் விழுந்தும் விழாத அளவில் ஒலிக்கவிட்டு, கூடவே ஒரு தின்பண்டம் கொடுத்தேன். பயமின்றித் தின்ற நாளில் மட்டும் ஒலியைச் சற்றுக் கூட்டினேன். ஒருமுறை அவசரப்பட்டதில் இரண்டு நாள் உழைப்பு வீண்!

கழுத்துப்பட்டையில் கட்டியது போலி மோதிரம். அசல் அண்ணனின் சட்டைப்பையில். பூமாலை போடவில்லை, போட்டிருந்தால் குதறியிருக்கும். திருமணத்தன்று காலை நீண்ட நடை. மணியைக் கவனித்துக்கொள்வதற்கென்றே, அதற்கு நன்கு பழகிய பக்கத்துவீட்டு அக்காவை அழைத்திருந்தோம். பத்தே நிமிடம் எங்களோடு நின்றது. கைதட்டல் எழுந்தபோது என் கையைத்தான் மோப்பம் பிடித்தது. பிறகு தனியறையில் குறட்டை.