பிரெட்போர்டில் 6 ஆம்பியர் வேண்டாம்

தீபாவளி நெருங்கினால் எங்கள் புளோக்கில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் எல்ஈடி ஸ்ட்ரிப்பும், சால்டர் இல்லாமல் துளையில் ஒயரைக் குத்தி சர்க்யூட் கட்டும் பிரெட்போர்டுமாக வந்துவிடுவார்கள். “அங்கிள், இதிலேயே கட்டலாமா?” அர்டுயினோ (விளக்கை இயக்கும் சின்னக் கன்ட்ரோலர்) பகுதியைத் தாராளமாகக் கட்டலாம். விளக்குக்குப் போகும் கரண்ட் மட்டும் அந்தப் போர்டைத் தொடவே கூடாது.

மீட்டருக்கு 60 விளக்குள்ள 5050 (5 மி.மீ. சதுர எல்ஈடி) ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 72 வாட், அதாவது 6 ஆம்பியர். பிரெட்போர்டு துளைக்குள் ஒயரைப் பிடித்திருப்பதோ மெல்லிய உலோகக் கிளிப். அதற்கு அதிகபட்சம் 1 ஆம்பியர்தான். நான் அரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வேன். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். ஒரு கிளிப்பின் தடை 0.05 ஓம் என்று வையுங்கள்: 1 ஆம்பியரில் 0.05 வாட், 6 ஆம்பியரில் 1.8 வாட். அவ்வளவும் ஒரு சின்னத் துளைக்குள். சூட்டில் கிளிப் தளரும், தளர்ந்தால் தடை கூடும், கடைசியில் பிளாஸ்டிக் இளகும். நம்மூர் ஈரப்பதத்தில் கறுத்துப்போன பழைய போர்டு என்றால் இன்னும் மோசம்.

சிங்கப்பூர் சிம் லிம் டவரில் ஸ்க்ரூ டெர்மினல், 7.5 ஆம்பியர் ஃபியூஸ், ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்), சின்ன ஹீட்சிங்க், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் வாங்கிக்கொள்ளுங்கள். சப்ளையின் பாசிட்டிவ் ஃபியூஸ் வழியாக நேரே ஸ்ட்ரிப்புக்குப் போகட்டும். மாஸ்ஃபெட்டின் மூன்று கால்கள் கேட், டிரெயின், சோர்ஸ்: கேட்டுக்குச் சிக்னல், மற்ற இரண்டிலும் விளக்கின் கரண்ட். ஸ்ட்ரிப்பின் நெகட்டிவ் டிரெயினுக்கு, சோர்ஸ் சப்ளையின் நெகட்டிவுக்கு. இவை எல்லாம் டெர்மினலிலோ சால்டரிலோ இருக்க வேண்டும். மாஸ்ஃபெட்டையும் போர்டில் குத்தாதீர்கள், அதன் தடித்த கால்கள் கிளிப்பை விரித்துவிடும்.

போர்டிலிருந்து இரண்டே ஒயர் வெளியே வரும். ஒன்று அர்டுயினோவின் சிக்னலை 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக கேட்டுக்குக் கொண்டுபோகும். கேட்டிலிருந்து சோர்ஸுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டுவிடுங்கள், அர்டுயினோ கிளம்பும்வரை விளக்கு அணைந்தே இருக்கும். இன்னொரு ஒயர் கிரவுண்ட், அதாவது அர்டுயினோவின் நெகட்டிவ். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். அந்த கிரவுண்ட் ஒயரை சோர்ஸ் டெர்மினலிலேயே சேர்க்க வேண்டும். சப்ளையின் நெகட்டிவை போர்டின் தண்டவாளம் (ஓரத்தில் நீளமாக இணைந்த துளை வரிசை) வழியாகச் சுற்றிக் கொண்டுபோனால், 6 ஆம்பியரும் போர்டுக்குள் வந்துவிடும்.

230 வோல்ட் பக்கத்தை பிரெட்போர்டின் அருகில்கூடக் கொண்டுவராதீர்கள். மூடிய, தரச்சான்று பெற்ற 12 வோல்ட் அடாப்டரே போதும், 8 ஆம்பியர் தருவதாகப் பாருங்கள்.

அப்புறம் முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் அளந்து பாருங்கள். எதில் அதிகம் காட்டுகிறதோ, சப்ளையை நிறுத்திவிட்டு அந்த ஸ்க்ரூவை இறுக்குங்கள்.