பிறந்தநாளுக்கு ரிஷிகேஷ் ராஃப்டிங்: ஜோடியாகப் போகிறவர்களுக்குச் செய்முறை விளக்கம்

கேக்கை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றை, அதாவது காற்றடைத்த படகில் துடுப்பு போட்டபடி கங்கையில் போகும் ராஃப்டிங்கை, ரகசியமாக வைக்காதீர்கள். கண்ணைக் கட்டிக் கூட்டிப்போய்க் கங்கைக் கரையில் அவிழ்த்துவிடும் யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பம், இதயக் கோளாறு, வலிப்பு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் படகில் ஏறக்கூடாது. தோள்பட்டை ஒருமுறை விலகியிருந்தால் துடுப்பு வீச்சில் மறுபடி விலகலாம். இதையெல்லாம் சம்பந்தப்பட்டவர்தான் சொல்ல முடியும். ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். நீச்சல் தெரியாதவர்களையும் ஏற்றுவார்கள், ஆனால் தெரியாது என்பதைக் கைடிடம் மறைக்கக்கூடாது.

தேதி

ஜூலை, ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு ரிஷிகேஷ் கிடையாது. மழைவெள்ளத்துக்காக அந்த இரண்டு மாதமும் ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். அப்போது குடகின் பரபொளே ஆற்றையோ மகாராஷ்டிரத்தின் கோலாடையோ பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் ஆறு திறந்திருக்கும், ஆனால் பனி உருகி வரும் தண்ணீர் விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிரும். மே மாதம் நீர்வரத்து கூடிக் கலங்கலாக ஓடும். முதல்முறை போகிறவர்களுக்கு அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல்தான் என் தேர்வு. வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. சனி, ஞாயிறுகளில் ரிஷிகேஷை ஒட்டிய தபோவன் சாலையில் ஆற்றை விடப் பெரிய வெள்ளம், வண்டிகளால்.

எங்கிருந்து ஏறுவது

புறப்படும் இடத்தை வைத்துத்தான் ரிஷிகேஷ் வரையிலான தூரம் சொல்வார்கள்: பிரம்மபுரி சுமார் 9 கி.மீ., சிவபுரி 16, மரைன் டிரைவ் 24க்கு மேல், கௌடியாலா 36. புதியவர்களுக்குச் சிவபுரி. ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்ற ரேபிட்கள் இரண்டும் இந்தத் தூரத்திலேயே வந்துவிடும். (பாறைகளில் மோதி ஆறு நுரைத்துக் குதிக்கும் இடம்தான் ரேபிட்.) தண்ணீரில் இரண்டு மணி நேரம் போல ஆகும். சாலைப் பயணமும் காத்திருப்பும் சேர்த்தால் அரை நாள். பிரம்மபுரி சட்டென்று முடிந்துவிடும். கௌடியாலாப் பாதையில் ‘தி வால்’ என்ற நான்காம் நிலை ரேபிட் (எண் கூடக் கூடக் கடினம்) இருக்கிறது, அதைப் பிறந்தநாளில் பழகிப்பார்க்க வேண்டாம்.

ஒரு ராஃப்ட்டில் கைடு தவிர எட்டுப் பேர் வரை ஏறுவார்கள். இரண்டு பேராகப் போனால் தெரியாதவர்களோடு சேர்த்து ஏற்றுவார்கள். இதை முன்பே தெரிந்துகொண்டால் கரையில் முகம் சுருங்காது. தனிப் படகுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். துடுப்பு போட ஆள் குறைந்தால் இருவருக்கும் முதுகு ஒடியும்.

உடுப்பு

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயவும் காயாது. பாலியஸ்டர் டி-ஷர்ட், டைட்ஸ், குதிகாலில் வார் உள்ள செருப்பு போதும். ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், மோதிரம் தானாக நழுவும். அறையிலேயே கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லை என்றால் டி-ஷர்ட்டுக்குள் விட்டு ஊக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் கொக்கியில் அது சிக்கக்கூடாது.

லைஃப் ஜாக்கெட்

அடி வாரை முதலில் இறுக்குங்கள், பிறகு நடு வார், கடைசியில் மேல் வார். மாற்றிச் செய்தால் ஜாக்கெட் மேலேறி நிற்கும். இறுக்கிய பிறகு ஒருவர் பின்னால் நின்று, மற்றவரின் தோள் வார் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் காது வரை ஏறினால் தளர்வு. மூச்சு விட முடியாமல் திணறினால் இறுக்கம். நனைந்தால் வார் கொஞ்சம் இளகும், அதனால் முதல் ரேபிட் தாண்டியதும் ஒருமுறை இழுத்து விடுங்கள்.

உட்காருவதும் துடுப்பும்

பயத்தில் படகுக்குள் இறங்கி உட்காரத் தோன்றும். கூடாது. வெளி விளிம்புக் குழாயின் மேல் உட்கார்ந்து, குறுக்கே கிடக்கும் காற்றுக் குழாயின் அடியில் பாதத்தைச் செருகிக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊன்றிய துடுப்பும் ஒரு பிடிமானம்தான். முன்வரிசைக்குத்தான் அலை முகத்தில் அறையும். ஜோடிக்கு இரண்டாம் வரிசையில் இடதும் வலதுமாக உட்காருவது நல்லது. துடுப்பின் மேல்நுனியில் ‘டி’ வடிவப் பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியிருக்க வேண்டும். ஆற்றில் பல் உடைவது பெரும்பாலும் பாறையால் அல்ல, பக்கத்தில் இருப்பவர் கைவிட்ட இந்தப் பிடியால்.

கட்டளைகள் ஃபார்வர்ட், பேக், ஸ்டாப், கெட் டவுன் (இதைச் சொன்னால் மட்டும் படகுக்குள் இறங்குங்கள்) என்று நாலைந்துதான். சில கைடுகள் பதற்றத்தில் இந்திக்கு மாறிவிடுவார்கள். இந்தி வராதென்றால் கரையிலேயே சொல்லி வையுங்கள்.

துணை விழுந்தால்

நிதானமாகப் படியுங்கள், முடிந்தால் அறைத் தரையில் ஒத்திகை பாருங்கள். துணை விழுந்ததும் கை தானாக அவர் கையைத்தான் தேடும். அங்கேதான் பிழை. ஈரக் கை வழுக்கும், வலுவாக இழுத்தால் தோள் பிசகும். பின்னாலேயே குதிப்பது அதைவிட மோசம், கைடுக்கு ஒருவருக்குப் பதில் இருவரைத் தேடும் வேலை.

எட்டும் தூரத்தில் இருந்தால் துடுப்பின் ‘டி’ பிடியை நீட்டுங்கள். படகை ஒட்டி வந்ததும் அவரை உங்களைப் பார்க்கத் திருப்பி, ஜாக்கெட்டின் தோள் வார் இரண்டையும் பற்றுங்கள். முழங்கால்களை விளிம்பில் முட்டுக்கொடுத்து, அவரைச் சற்றுக் கீழே அமுக்கி, ஜாக்கெட் மேலே எழும்பும் வேகத்தோடு சேர்த்து இழுத்தபடி நீங்கள் படகுக்குள் மல்லாந்து விழுங்கள். அவர் உங்கள் மேல் வந்து விழுவார். கைவலுவை விட உடல் எடைதான் இங்கே வேலை செய்கிறது, அதனால் 50 கிலோக்காரரும் 80 கிலோக்காரரைத் தூக்கிவிடலாம்.

விழுந்தவர் செய்ய வேண்டியது: மல்லாந்து, கால்களை ஆறு ஓடும் திசையில் நீட்டி, கால் விரல்நுனி நீருக்கு மேல் தெரிய மிதப்பது. முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நிற்கக்கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் பின்னால் வரும் நீர் ஆளைக் குப்புறத் தள்ளி அழுத்தும். படகுக்கு அடியில் போய்விட்டால் இரண்டு கையாலும் அடிப்பாகத்தைத் தொட்டு, ஒரே திசையில் நகர்ந்துகொண்டே வந்தால் வெளியே வந்துவிடலாம். கைடு பையோடு கயிறு எறிந்தால் கயிற்றைப் பிடியுங்கள், பையை அல்ல. பைக்குள் மிச்சக் கயிறு உருவிக்கொண்டே இருக்கும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது.

கேக்

படகில் வேண்டாம், கரையிலும் வேண்டாம். மெழுகுவர்த்தி காற்றில் நிற்காது, கலர் தாள் ஆற்றில்தான் போய் விழும். அறைக்குத் திரும்பி, உடை மாற்றி, சூடாக ஒரு டீ குடித்த பிறகு வெட்டுங்கள். முட்டை சேர்க்காத கேக் தபோவன் பேக்கரிகளில் கிடைக்கும். ரிஷிகேஷ் ஊருக்குள் அசைவமும் மதுவும் கிடையாது, விருந்தை அதற்கேற்ப யோசியுங்கள்.

பின்சேர்க்கை: கண்ணாடி போடுகிறவர்கள் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். தலைக்குப் பின்னால் இறுக்கும் கண்ணாடி வார் வாங்கி, ஹெல்மெட்டுக்கு அடியில் வரும்படி போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அலையில் கழன்று போகும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைடின் நீர்புகாப் பையில் கொடுத்து வைக்கலாம். போனையும் அதிலேயே. கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறையை நம்பாதீர்கள், அதன் கயிறு ஒரு ரேபிட்டைக்கூடத் தாங்காது.