ஒரே வீட்டில் இரண்டு 192.168.1.1: புது வைஃபை ரவுட்டரை அமைப்பது எப்படி?

பத்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் புது ரவுட்டரின் பெட்டியைப் பிரித்தேன். முடித்து எழுந்தபோது நள்ளிரவு ஒன்றரை மணி. ரவுட்டரில் ஒரு குறையும் இல்லை. இணைய நிறுவனம் முன்பே சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியிலும் குறை இல்லை. இரண்டுக்கும் ஒரே முகவரி எண் இருந்தது, அவ்வளவுதான். ரவுட்டருடன் வந்த நான்கு பக்கக் கையேடு இதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. ஆகவே அந்த இடத்தில் மட்டும் நின்று நிதானமாக எழுதியிருக்கிறேன்; மற்ற படிகளை வேகமாகக் கடந்துவிடுவேன்.

தொடங்கும் முன்

ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டிய பிறகு நாற்காலியில் ஏறிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பொடி எழுத்துகளைப் படிக்க முயன்ற அனுபவத்தில் சொல்கிறேன். சீட்டில் பெரும்பாலும் இரண்டு கடவுச்சொற்கள் இருக்கும். ஒன்று வைஃபையில் சேர்வதற்கு, மற்றொன்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கு. முதலில் குழப்புவது இதுதான்.

செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவியோடு பேசுவதற்கு மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கச் சொல்வது அநியாயம். தவிர, செயலிகள் பாதி அமைப்புகளை மறைத்துவிடுகின்றன. ஒரு லேப்டாப், ஒரு கேபிள், ஓர் உலாவி இருந்தால் போதும். லேப்டாப் இல்லாதவர்களுக்குக் கைப்பேசியின் உலாவியே வேலை செய்யும்.

படி 1: கேபிளைச் செருகுதல்

ரவுட்டரின் பின்பக்கத்தில் ஒரு துளை மட்டும் நிறம் மாறியோ சற்றுத் தள்ளியோ இருக்கும். அதுதான் இன்டர்நெட் துளை. பழைய பெட்டியிலிருந்து வரும் கேபிள் அதில்தான் போக வேண்டும். மற்றவை லேன் துளைகள். லேப்டாப், டிவி போன்றவற்றுக்கானவை.

நான் அவசரத்தில் லேன் துளையில் செருகிவிட்டேன். அதன் பலன் விசித்திரமாக இருந்தது. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ஒருமுறை புது ரவுட்டரின் பக்கம் வந்தது, மறுமுறை பழைய பெட்டியின் பக்கம் வந்தது. சீட்டில் இருந்த கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டியும் ‘தவறு’ என்றே பதில். நான் தட்டிக்கொண்டிருந்தது வேறு வீட்டுக் கதவை.

படி 2: அமைப்புப் பக்கத்தைத் திறத்தல்

சீட்டில் உள்ள முகவரியை உலாவியில் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. கைப்பேசியில் செய்வதென்றால் முதலில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இந்த வைஃபையில் இன்னும் இணையம் வராததால், கைப்பேசி சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பக்கம் திறக்கவே திறக்காது. ‘பாதுகாப்பற்ற பக்கம்’ என்று உலாவி எச்சரித்தால், முகவரியைச் சரியாகத் தட்டியிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மேலே செல்லலாம். இந்தப் பக்கம் உங்கள் ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பிறகு வராது. 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது எப்படி என்கிறீர்கள்? ஆலையில் வைத்த பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததுதான்.

படி 3: இரண்டு பெட்டிகளின் சண்டை

கேபிளைச் சரியான துளைக்கு மாற்றிய பிறகு பக்கம் ஒழுங்காகத் திறந்தது. ஆனால் இணையம் வரவில்லை. விளக்கு ஆரஞ்சு நிறத்திலேயே நின்றது.

இணைய நிறுவனம் தரும் பெட்டியை நாம் மோடம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இன்று பல வீடுகளில் அது முழு ரவுட்டர். முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுப்பதும் அதுதான், வைஃபை பரப்புவதும் அதுதான். அதன் முகவரி 192.168.1.1. நான் வாங்கிய ரவுட்டருக்கும் ஆலையிலேயே வைத்த முகவரி 192.168.1.1. ‘வெளியே போக வேண்டிய கடிதங்களை 192.168.1.1 வீட்டில் கொடு’ என்று பழைய பெட்டி சொல்கிறது. ‘அது நான்தானே’ என்று புது ரவுட்டர் கடிதத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது. சில ரவுட்டர்கள் இந்த மோதலைத் தாமாகவே கண்டுபிடித்துத் தங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளும். என்னுடையது அந்தச் சாதி இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று அறிய, புது ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் இன்டர்நெட் பகுதியில் உள்ள ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. 10 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை இருந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். இந்த மூன்று வரிசைகளையும் உள் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கியது 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம். 100.64 முதல் 100.127 வரையிலான எண் தெரிந்தால், அது இணைய நிறுவனம் தன் பக்கத்தில் செய்யும் பங்கீடு. அதற்காக வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம்.

தீர்வுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, பழைய பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றுவது. அதன் பிறகு அது வெறும் மோடமாகிவிடும், எல்லாப் பொறுப்பும் புது ரவுட்டருக்கு வந்துவிடும். சுத்தமான வழி இதுதான். ஆனால் உங்கள் இணைப்பு பிபிபிஓஇ முறையில் (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நிறுவனத்தோடு இணையும் முறை) இருந்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். பழைய பெட்டியில் அந்தக் கடவுச்சொல் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். முதலில் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் மாற்றுங்கள்.

இரண்டாவது வழி, புது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவது. பழைய பெட்டியே எசமானனாக இருக்கும். புதியது வைஃபை பரப்புவதை மட்டும் செய்யும். ‘பின் அறையில் சிக்னல் வரவில்லை’ என்பது மட்டுமே உங்கள் குறை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யுங்கள். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட மறக்காதீர்கள்.

மூன்றாவது வழி, புது ரவுட்டரின் எண்ணை மாற்றுவது. பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்ற வசதிகள் ஆக்சஸ் பாயின்ட் முறையில் பல ரவுட்டர்களில் போய்விடும். எனக்கு அது வேண்டியிருந்ததால் இந்த வழியில் போனேன். இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை லேன் துளையில் இணைத்து, லேன் அமைப்புக்குப் போய் 192.168.1.1 என்பதை 192.168.50.1 என்று மாற்ற வேண்டும். கவனியுங்கள், மாற்ற வேண்டியது மூன்றாவது எண். நான் முதலில் கடைசி எண்ணை மாற்றி 192.168.1.2 ஆக்கினேன், பயனில்லை. முதல் மூன்று எண்கள் தெருவின் பெயர், கடைசி எண் கதவு எண். நமக்கு வேண்டியது வேறு தெரு.

இனிதான் என் இரவைத் தின்ற இடம். எண்ணை மாற்றிச் சேமித்ததும் பக்கம் சுழல ஆரம்பித்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. ரவுட்டர் கெட்டுவிட்டது என்று பயந்து, காகிதக் கவ்வியை நிமிர்த்தி ரீசெட் துளையில் பத்து விநாடி அழுத்தினேன். எல்லாம் பழையபடி 192.168.1.1. மறுபடி மாற்றினேன், மறுபடி சுழன்றது, மறுபடி கவ்வி. மூன்றாவது முறை சலித்துப்போய் லேப்டாப் கேபிளைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு மனம் கேட்காமல் செருகிப் பார்த்து, 192.168.50.1 என்று தட்டினால் பக்கம் உடனே திறந்தது. ரவுட்டர் முதல் முறையே புது முகவரிக்குக் குடிபோய்விட்டது. உலாவிதான் பழைய வாசலில் நின்று அழைப்புமணியை அடித்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பும் பழைய தெருவின் எண்ணையே வைத்திருந்தது.

ஆகவே சேமித்த பிறகு பக்கம் சுழன்றால் ரீசெட் துளைப் பக்கமே போகாதீர்கள். கேபிளைக் கழற்றிச் செருகுங்கள் அல்லது வைஃபையை அணைத்துப் போடுங்கள். புது முகவரியைத் தட்டுங்கள். பக்கம் திறந்த பிறகு இன்டர்நெட் கேபிளைச் செருகினால் விளக்கு பச்சைக்கு வந்துவிடும்.

இந்த வழியில் வெளியே போகும் கடிதங்களின் அனுப்புநர் முகவரியைப் புது ரவுட்டரும் பழைய பெட்டியும் ஆளுக்கொரு முறை மாற்றி எழுதும்; ஆக, முகவரி மாற்றம் இரண்டு முறை நடக்கிறது. படம் பார்க்க, பேச, படிக்க இது தடையில்லை. வெளியிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாக எட்ட நினைப்பவர்களுக்கும் சில இணைய விளையாட்டுகளுக்கும்தான் சிக்கல். அவர்களுக்கு முதல் வழியே சரி.

படி 4: பெயரும் கடவுச்சொல்லும்

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ஆனால் இடம் 32 பைட்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். மெய்ப்புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனிக் குறியீடுகள் என்பதால் ‘வீ’ மட்டும் 6 பைட் எடுக்கும். ‘எங்கள் வீடு’ என்று வைத்தால் இடைவெளியையும் சேர்த்து 31 பைட், அச்சாகப் பொருந்தும். ‘எங்களது வீடு’ என்றால் 34; ஏற்காது. என் பழைய பிரின்டர் அந்தப் பெயரை வெறும் கட்டங்களாகக் காட்டியது வேறு கதை.

கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்தில் வைக்க வழியில்லை. ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகளில் 8 முதல் 63 வரை இடம் உண்டு. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை வரிசையாக எழுதுங்கள். நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது. பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 இருந்தால் நல்லது. பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2, 3 இரண்டும் கலந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு பொத்தானையோ பின் எண்ணையோ கொண்டு வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்கப் பின் எண்ணை இரண்டு பாதியாகத் தனித்தனியே சோதிக்க முடியும் என்று 2011இல் வெளிவந்தது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. எனவே பத்துக் கோடி முயற்சிகள் தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 முயற்சிகள் போதும்.

படி 5: மற்றவை

வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பரவும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை (அலைவரிசைக்குள் உள்ள தடம்) 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றாக வையுங்கள். சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. சிக்னலோ 20 எடுத்துக்கொள்கிறது. நடுவில் 3, 4 என்று வைத்தால் இருபக்கத்து அண்டை வீட்டாரோடும் மோத வேண்டியிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸைத் தானியங்கியில் விட்டுவிடலாம்.

ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பைக் கேபிள் வழியாகச் செய்யுங்கள். நடுவில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

ரவுட்டரை வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். இரும்பு சிக்னலைத் தடுக்கும், தண்ணீர் உறிஞ்சும்.

பின்சேர்க்கை 1: ‘வேகம் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவே இல்லை’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த எண்ணைப் பார்த்ததும் கேபிளைச் சந்தேகப்படுங்கள். உள்ளே நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. கிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றியதும் அவருக்குச் சரியாகிவிட்டது. துளையே 100 மெகாபிட் துளையாக இருந்தால் கேபிளை மாற்றிப் பயனில்லை.

பின்சேர்க்கை 2: வைஃபை பல்பு, கேமரா போன்றவை சேர மறுக்கின்றன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தால் கைப்பேசி 5இல் போய் உட்கார்ந்துகொள்ளும். பல்பைத் தேடும் செயலி தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக அணைத்து, பல்பைச் சேர்த்துவிட்டு, மறுபடி திறந்துவிடுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் அவை சேராமல் போகலாம்.

பின்சேர்க்கை 3: ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிய பிறகு ரவுட்டரின் பக்கமே காணாமல் போய்விட்டது என்கிறவர்களுக்கு: அதற்குப் பழைய பெட்டி வேறு முகவரி கொடுத்திருக்கிறது. பழைய பெட்டியின் பக்கத்தில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் ரவுட்டரின் பெயருக்கு எதிரே அந்த எண் இருக்கும். எடுத்த எடுப்பில் காகிதக் கவ்வியைத் தேட வேண்டாம்.