முஜத்தரா: வெங்காயத்தை நம்பி ஒரு லெபனான் மதியச் சாப்பாடு

மத்தியதரைக் கடல் உணவு என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது ஃபெட்டா சீஸ், சால்மன் மீன், பெயர் வாயில் நுழையாத கீரைகள். விலையைப் பார்த்ததுமே ஆசை போய்விடும். ஆனால் இந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக் கிராமத்துக்காரர்கள். ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில், இதய நோய் மிகக் குறைவாக இருந்த இடங்களில் அந்தத் தீவும் ஒன்று. அவர்கள் சாப்பிட்டது பருப்பு, கீரை, ரொட்டி, ஆலிவ் எண்ணெய். இறைச்சி எப்போதாவதுதான்.

அதனால் நாமும் பருப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். பலரும் முதல் நாளே ஹம்முஸ் (கொண்டைக்கடலையும் எள் விழுதும் அரைத்த துவையல்) செய்யப் போய், எள் விழுது கசந்து, மிக்ஸி சூடாகி, வெறுத்துப் போகிறார்கள். அதை இன்னொரு நாள் பார்க்கலாம். இன்றைக்கு முஜத்தரா. அரிசி, பருப்பு, வெங்காயம், அவ்வளவுதான். லெபனான், சிரியா, பாலஸ்தீனம் எங்கும் வீட்டுக்கு வீடு செய்வது. அரபியில் பெயருக்கு ‘அம்மைத் தழும்பு விழுந்தது’ என்று பொருள். வெள்ளைச் சோற்றில் பழுப்புப் பருப்பு புள்ளி புள்ளியாகத் தெரிகிறதல்லவா, அதனால். 1226இல் பாக்தாதில் எழுதப்பட்ட ஒரு சமையல் நூலிலேயே இதன் செய்முறை இருக்கிறது. அதில் இறைச்சியும் சேரும். இறைச்சி இல்லாதது ஏழை வீட்டுச் சாப்பாடு. அங்குள்ள கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலச் சாப்பாடும்கூட.

மூன்று பேருக்கு வேண்டியவை

தோலோடு இருக்கும் முழு மைசூர் பருப்பு 1 கப். தோல் நீக்கிய ஆரஞ்சு நிறப் பருப்பு வேண்டாம், கரைந்துவிடும். பாஸ்மதி அரிசி முக்கால் கப். பெரிய வெங்காயம் அரை கிலோ. அதிகமாகத் தோன்றும், குறைக்காதீர்கள். ஆலிவ் எண்ணெய் மூன்றில் ஒரு கப், சீரகத்தூள் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், உப்பு.

எண்ணெய் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ‘போமஸ்’ வகை. பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. வதக்க ஆகும், வாசனை இருக்காது. சாலட்டில் பச்சையாக ஊற்ற ‘எக்ஸ்ட்ரா விர்ஜின்’தான் வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் வெங்காயத்தைச் சூரியகாந்தி எண்ணெயில் வதக்கிவிட்டு, நல்ல ஆலிவ் எண்ணெயைச் சாலட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நானும் மாதக் கடைசியில் அப்படித்தான் செய்கிறேன்.

வெங்காயம்

அரிசியைக் கழுவி ஊறவைத்துவிட்டு வெங்காயத்துக்கு வாருங்கள். நீளவாக்கில், ஒரே கனத்தில் நறுக்குங்கள். சில துண்டு மெல்லிசாகவும் சில தடிமனாகவும் இருந்தால் பாதி கருகும், பாதி வேகாது. அகலமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு, மிதமான தீ.

முதல் பத்து நிமிடம் பெரிதாக ஒன்றும் நடக்காது. வெங்காயம் தண்ணீர் விட்டு, துவண்டு, கண்ணாடி போல ஆகும். இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து தீயைக் கூட்டினால் ஓரம் கறுத்து நடு வெள்ளையாகவே நிற்கும். பதினைந்து நிமிடத்தில் மஞ்சள் தட்டும். அதற்குப் பிறகு அடுப்பை விட்டு நகராதீர்கள். சலசலவென்று கேட்ட சத்தம் குறைந்துகொண்டே வரும், வெங்காயத்தில் தண்ணீர் தீர்கிறது என்று அர்த்தம். இனி நிறம் வேகமாக மாறும். அரை மணி நேரத்தை ஒட்டி, பிரியாணிக்கு வறுக்கும் வெங்காயத்தின் நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே அரித்து எடுத்துத் தட்டில் பரப்புங்கள். மீதி நிறம் தட்டிலேயே ஏறும், மொறுமொறுப்பும் அங்கேதான் வரும். எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது.

பருப்பும் அரிசியும்

வெங்காயம் வதங்கும்போதே பக்கத்து அடுப்பில் பருப்பை 4 கப் தண்ணீரில் வேகவிடலாம். குக்கர் வேண்டாம். முதல் தடவை நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டேன். திறந்தால் பழுப்பு நிறத்தில் பொங்கல். ருசி ஒன்றும் மோசமில்லை, ஆனால் ‘இது என்ன’ என்று வீட்டில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வெளியே மெத்தென்றும் நடுவில் லேசாக நறுக்கென்றும் இருக்க வேண்டும். அப்போது வடிகட்டி, அந்தத் தண்ணீரை எடுத்து வையுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் வெங்காய எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன். சூடானதும் சீரகத்தூள், மிளகுத்தூள். வாசனை வந்த உடனே வடித்த அரிசி, பருப்பு, வறுத்த வெங்காயத்தில் பாதி. பருப்புத் தண்ணீர் ஒன்றே முக்கால் கப் ஊற்றி, ஒன்றரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொதி வந்ததும் தீயைச் சிறிதாக்கி மூடுங்கள். 15 நிமிடம். அப்புறம் அடுப்பை அணைத்து, மூடிக்கு அடியில் ஒரு துணி வைத்து இன்னும் 10 நிமிடம் அப்படியே விடுங்கள். துணி ஆவியை உறிஞ்சிக்கொள்ளும், சோறு உதிரியாக வரும். முள்கரண்டியால் கிளறி, மீதி வெங்காயத்தை மேலே தூவுங்கள்.

கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டலாமா என்று கை துறுதுறுக்கும். ஒரு தடவையாவது வேண்டாம். இனிப்பும் லேசான கசப்பும் கலந்த வெங்காயந்தான் இதற்குக் குழம்பு, தாளிப்பு எல்லாம்.

கூட ஒரு சாலட்

வெள்ளரி, தக்காளி, வெங்காயத்தைச் சிறு கட்டங்களாக நறுக்கி, கைப்பிடி புதினா சேர்த்து, ஒரு எலுமிச்சைச் சாறு, 2 டேபிள்ஸ்பூன் எக்ஸ்ட்ரா விர்ஜின், உப்பு. அங்கே கொத்தமல்லி போன்ற பார்ஸ்லித் தழை நிறையப் போடுவார்கள், கிடைத்தால் போடுங்கள். நேற்றைய சப்பாத்தி மிஞ்சியிருந்தால் தோசைக்கல்லில் மொறுமொறுவென்று வாட்டி உடைத்துப் போடலாம். லெபனானில் மிஞ்சிய பிடா ரொட்டியை இப்படிப் போட்டுச் செய்வதற்கு ஃபத்தூஷ் என்று பெயர். புளிப்புக்குச் சுமாக் என்ற சிவப்புத் தூளும் அதில் உண்டு. அது இல்லாவிட்டால் எலுமிச்சையைச் சற்றுக் கூடப் பிழிந்தால் போதும்.

பக்கத்தில் கெட்டித் தயிர் ஒரு கரண்டி. சாப்பாடு தயார்.

ஆரோக்கியம் என்று சொல்லிவிட்டு எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிடக் கூடாது. ஆலிவ் எண்ணெயும் எண்ணெய்தான், ஒரு டேபிள்ஸ்பூனுக்குச் சுமார் 120 கலோரி. வெங்காயம் வறுத்ததில் மிஞ்சியதைப் பாட்டிலில் எடுத்து வைத்து மறுநாள் காய் வதக்கிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைப்பவர்கள் அரிசியை அரை கப்பாக்கிக்கொள்ளலாம், தண்ணீரையும் கால் கப் குறையுங்கள்.

ஆபீஸுக்கு டப்பாவில் கொண்டுபோவதென்றால் மேலே தூவும் வெங்காயத்தைத் தனியாக ஒரு சிறு டப்பாவில் வையுங்கள். சூட்டோடு சேர்த்து மூடினால் ஒரு மணிக்குள் நமத்துவிடும். முஜத்தராவைச் சுடவைக்க வேண்டியதில்லை, ஆறியதையும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.