அஸாரோவுக்கு முன்னால் குப்பாயி

ஆப்பிரிக்க நாவல்களில் பேயும் ஆவியும் சர்வசாதாரணமாக நடமாடும்போது நாம் தடுமாறுகிறோம். அதனால் முதல் வேலை, ‘மாய யதார்த்தம்’ (நிஜத்தோடு மாயத்தைக் கலந்து எழுதும் பாணி) என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்குப் பரண்மேல் போடுவது. இல்லாவிட்டால் இது நிஜமா, கனவா, எதற்குக் குறியீடு என்று பக்கத்துக்குப் பக்கம் தோண்டிக்கொண்டே இருப்பீர்கள். இப்படி எழுதும் நைஜீரிய எழுத்தாளர் பென் ஓக்ரிக்கே அந்த முத்திரை பிடிக்காது.

தொடங்க வேண்டியது இன்னொரு நைஜீரியரான ஏமோஸ் டுட்டுவோலாவிடம். 1952ல் லண்டனில் வெளியான ‘தி பாம் ஒயின் டிரிங்கார்ட்’ சின்னப் புத்தகம்தான். அதன் நாயகன் காலையில் 150 குடம் கள் குடிப்பான், சாயந்திரம் 75. (நம் பனங்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே எண்ணெய்ப்பனை.) கள் இறக்குபவன் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போகவும், அவனைத் தேடிச் செத்தவர்களின் ஊருக்கே கிளம்பிவிடுகிறான். நைஜீரியாவின் யொரூபா இனக் கதைசொல்லியின் நடை, ஆங்கில இலக்கணம் உதைக்கும், வாய்விட்டுப் படித்தால் சரியாகிவிடும். அதில் ஓர் அழகன் வருவான். வாடகைக்கு வாங்கிய கை, கால்களை வழிநெடுகத் திருப்பிக் கொடுத்து, கடைசியில் வெறும் மண்டையோடாக நிற்பான். ஏற்காடு பஸ்ஸில் இதைப் படித்தபோது, அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வளைவுக்கு ஓர் உறுப்பு கழன்றது போலத்தான் எனக்கு இருந்தது.

அப்புறம் ஓக்ரியின் ‘தி ஃபேமிஷ்ட் ரோடு’, 1991ல் புக்கர் பரிசு வாங்கியது. பலர் பாதியில் மூடிவைப்பது இதைத்தான். நாயகன் அஸாரோ ஓர் ‘அபிக்கு’, அதாவது பிறந்து பிறந்து செத்துப்போகும் பிள்ளை. அங்குள்ள இன்னோர் இனமான இக்போக்காரர்கள் ‘ஒக்பாஞ்சே’ என்பார்கள், சினுவா அச்செபேயின் 1958 நாவல் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’டில் வரும் எஸின்மா அப்படிப்பட்டவள். இதற்கு அகராதியைப் புரட்டவேண்டாம். ஓமலூர்ப் பக்கம் எங்கள் அம்மாயியின் அக்கா பெயர் குப்பாயி. முன்னால் பிறந்தவை தங்காததால், இவளைக் குப்பைமேட்டில் போட்டு, தவிட்டுக்கு வாங்கி எடுத்துவந்தார்களாம். யொரூபாவில் ‘மாலோமோ’ என்று வைப்பார்கள், இனிப் போகாதே என்று அர்த்தம். ‘டுரோஜாயே’ என்றால் இருந்து வாழ்ந்து பார். ஒரு வித்தியாசம் முக்கியம்: குப்பாயி என்ற பெயர் எமனை ஏமாற்றுகிறது, மாலோமோ பிள்ளையிடமே கெஞ்சுகிறது. போவதா இருப்பதா என்பது அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது. ஆவித் தோழர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அம்மாவுக்காக அஸாரோ தங்குவதுதான் நாவல்.

கதை எங்கே நகர்கிறது என்று தேடாமல் தினம் 20 பக்கம் போதும். மேடம் கோட்டோவின் கள்ளுக்கடை வரும்போது மட்டும் மெதுவாகப் போங்கள். மனிதர்களிடம் உறுப்புகளை இரவல் வாங்கிக்கொண்டு ஆவிகள் அங்கே குடிக்க வந்து உட்கார்ந்திருக்கும். டுட்டுவோலாவை முதலில் படித்திருந்தால் அவர்களை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.