கியூப் மேப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியூப் மேப் என்பது சுற்றுப்புறத்தை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களில் வைத்திருக்கும் படம்; ஒரு திசையைக் கொடுத்து அங்கே தெரியும் நிறத்தை எடுப்பதே அதைப் படிப்பது. புதியவர்களின் ஷேடர்களை, அதாவது நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்களை, சரிபார்க்கும்போதெல்லாம், ஒரு காலத்தில் நான் செய்த தவறுகளே மீண்டும் கண்ணில் படுகின்றன. கோப்பின் பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றைத் திரையே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய ஃபங்ஷன்

படிப்பதற்கு டெக்ஸ்சர்கியூப் வேண்டாம், ஓப்பன்ஜிஎல் வரைகலை அமைப்பின் ஷேடர் மொழியான ஜிஎல்எஸ்எல்லில் 1.30 முதல் டெக்ஸ்சர் என்ற ஒரே ஃபங்ஷன் போதும்.

இடம் வலமாகப் புரளும் வானம்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். கியூப் மேப்பின் முகங்கள் ரெண்டர்மேன் என்ற ரெண்டரிங் மென்பொருளின் மரபைப் பின்பற்றி இடக்கை ஆய அமைப்பில் வரையறுக்கப்பட்டவை. ஓப்பன்ஜிஎல்லில் நாம் அமைக்கும் காட்சியோ பெரும்பாலும் வலக்கை அமைப்பிலானது; இரண்டிலும் ஓர் அச்சு எதிரெதிர்த் திசையில் இருக்கும். எனவே, கோப்புகளிலிருந்து ஏற்றிய முகங்களை உலகத் திசையைக் கொண்டு அப்படியே படித்தால், வானம் முழுவதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரண்டு தெரியும். விளிம்புகள் பிசகாமல் பொருந்துவதால், மேகங்களை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது, பின்னணிப் படத்திலிருந்த பெயர்ப்பலகையின் இடம் வலமாகப் புரண்ட எழுத்துகள். உடனே, எல்லா ஷேடர்களும் அழைக்கும் பொதுவான ஃபங்ஷனில் திசையின் இசட் மதிப்புக்கு ஒரு கழித்தல் குறி சேர்த்தேன், பலகை சரியாயிற்று. சில மாதங்களுக்குப் பின், ஓர் அறையை ஆறு திசைகளிலும் கியூப் மேப் மரபுப்படியே ரெண்டர் செய்து உருவாக்கிய கியூப் மேப்பும் அதே ஃபங்ஷன் வழியே சென்றது. முன்சுவர் தெரிய வேண்டிய இடத்தில் பின்சுவர் பிரதிபலித்தது. கேமரா மேட்ரிக்ஸில்தான் பிழை என்று நம்பி, ஒவ்வொரு முகத்தின் மேல்நோக்குத் திசையையும் மாற்றி மாற்றி ஒரு வாரத்தை வீணடித்தேன். கோப்பிலிருந்து வந்த படத்துக்கு மட்டும் உரிய குறியை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கியதே பிழை.

கழித்தல் குறியை வானத்தை வரையும் ஷேடரிலோ, கோப்புக்கு உரிய தனிப் பாதையிலோ மட்டும் வையுங்கள். இருபரிமாண டெக்ஸ்சர்களுக்காகப் படத்தைச் செங்குத்தாகப் புரட்டும் அமைப்பை, முகங்களை ஏற்றும் முன் அணைத்துவிடுங்கள். கியூப் மேப்பில் முதல் வரிசையே படத்தின் மேல் வரிசை. சோதனைக்கு மேகம் உதவாது. ஒவ்வொரு முகத்திலும் அதன் பெயரையும், மேல் இடது மூலையில் ஓர் அம்புக்குறியையும் வரைந்து பாருங்கள்.

திசையை நார்மலைஸ் செய்தல்

திசையின் நீளத்தை ஒன்றாக்கும் இந்தப் படி, கியூப் மேப்பைப் படிப்பதற்குத் தேவையில்லை.

கேமராவோடு சுழலும் பிரதிபலிப்பு

பிரதிபலிப்புத் திசையைக் கேமரா வெளியில் (கேமராவை மையமாகக் கொண்ட ஆய அமைப்பில்) கணக்கிட்டுவிட்டு, உலக வெளிக்கு மாற்றாமல் படித்தால் இப்படித்தான் ஆகும்.

நிபந்தனைக்குள் படித்தல்

அருகருகே உள்ள பிக்சல்கள் வெவ்வேறு கிளைகளில் செல்லும்போது, டெக்ஸ்சர் ஃபங்ஷன் மிப் நிலையை (படத்தின் சிறிதாக்கிய பிரதிகளில் எது என்பதை) தேர்வதற்கு வேண்டிய வேறுபாட்டு மதிப்புகள் வரையறையற்றவையாகிவிடுகின்றன. கிளைக்கு வெளியே படியுங்கள்; இயலாவிட்டால் டெக்ஸ்சர்லாட் கொண்டு நிலையை நீங்களே குறிப்பிடுங்கள்.

விளிம்புக் கோடுகள்

டெஸ்க்டாப் ஓப்பன்ஜிஎல்லில், முகங்கள் சேரும் இடத்தில் கோடு தெரியாமல் செய்யும் சீம்லெஸ் வடிகட்டல் 3.2 பதிப்பிலிருந்து உண்டு, ஆனால் அதை நீங்கள்தான் இயக்க வேண்டும்.