பேரிடர் மேலாண்மை முதுகலை: சேருவதற்கு முன்னாலும் சேர்ந்த பிறகும் செய்யக்கூடாத தவறுகள்

2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியதைப் பார்த்ததிலிருந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பேரிடர் மேலாண்மையில் எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் படியுங்கள், நம் பக்கத்துக்கு இதைப் படித்தவர்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் என்ன படிப்பு, அதை வைத்து என்ன வேலை செய்ய முடியும் என்று தெரியாமல் சேர்ந்துவிட்டு, முதல் வருஷம் முடிவதற்குள் மனசு விட்டுப் போகிறவர்கள் நிறைய. அதைத் தவிர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் செய்கிற பெரிய தவறு, அரக்கோணத்தைப் பார்த்துச் சேருவது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் அங்கே இருக்கிறது, அதனால் பட்டம் வாங்கினால் ஆரஞ்சு உடுப்பு போட்டுக்கொண்டு படகில் ஏறலாம் என்று ஒரு நினைப்பு. அந்தப் படைக்கு ஆட்கள் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் மாதிரியான மத்தியப் படைகளிலிருந்து அயல்பணியில் வருகிறார்கள், முதுகலைப் பட்டத்தைப் பார்த்து நேரடியாக எடுப்பதில்லை. தீயணைப்புத் துறைக்கும் தனித் தேர்வு, தனி உடல்தகுதி இருக்கிறது. களத்தில் இறங்கி ஆளைத் தூக்குவதுதான் உங்கள் ஆசை என்றால் அது நல்ல ஆசை, அதற்கான வழியில் போங்கள், இரண்டு வருஷத்தை இங்கே செலவழிக்காதீர்கள். இன்னொரு குழப்பமும் நம் ஊரில் அதிகம். இந்தப் படிப்பை ஆங்கிலத்தில் 'எமர்ஜென்சி மேனேஜ்மென்ட்' என்றும் சொல்வார்கள்; சிஎம்சி மருத்துவமனை இருக்கிற ஊர் என்பதால் 'எமர்ஜென்சி' என்றாலே அவசர சிகிச்சை என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அது எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் படிக்கும் மருத்துவ மேற்படிப்பு, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்போது இந்தப் படிப்பு எதற்கு? நிர்வாகத்துக்கு. யாரை எப்போது எங்கே நகர்த்துவது, எந்தப் பள்ளியில் தங்க வைப்பது, எத்தனை பேருக்குச் சோறு, எந்தத் துறைக்கு எந்தப் பொறுப்பு, பிறகு யாருக்கு எவ்வளவு நிவாரணம் என்பதையெல்லாம் மழைக்கு முன்பே யோசித்துக் காகிதத்தில் வைப்பதுதான் இதன் உயிர். ஒரு உதாரணம் சொல்கிறேன். மனிதாபிமான உதவிக்கு உலகம் முழுக்கப் பின்பற்றுகிற ஸ்ஃபியர் கையேடு, முகாமில் ஒரு ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் இடம், ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று கணக்கு வைத்திருக்கிறது. இப்போது உங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போய் டேப் வைத்து அளந்து பாருங்கள். இருபதுக்கு இருபது அடி வகுப்பறை என்றால் சுமார் 37 சதுர மீட்டர், அதில் பத்துப் பேர்தான் அடங்குவார்கள். அந்தப் பள்ளியில் எட்டு அறை இருந்தால் எண்பது பேர். அதே பள்ளியை 300 பேருக்கு என்று ஒரு திட்ட அறிக்கையில் எழுதியிருந்தால் மீதி 220 பேர் எங்கே போவார்கள், கழிப்பறை எத்தனை இருக்கிறது, அதில் பெண்களுக்கு எத்தனை, மின்சாரம் இல்லாதபோதும் குழாயில் தண்ணீர் வருமா? இந்தக் கேள்விகள் உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் இந்தப் படிப்பு வேண்டாம். தூக்கம் வராமல் செய்தால் இதுதான் உங்கள் இடம்.

அடுத்து, சட்டத்தையும் வருவாய்த் துறையையும் அலட்சியமாக விடுவது. 2005-ம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். தமிழ்நாட்டில் இந்த வேலை வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையின் கையில் இருக்கிறது, கிராமத்தில் விஏஓ, அவருக்கு மேலே ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார், ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்), கலெக்டர் என்று போகும். இந்த வரிசை தெரியாமல் அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கும் 'கவுன்ட்டி' (அந்நாட்டு மாவட்டம் மாதிரி) அமைப்பை அப்படியே தூக்கி வந்து அசைன்மென்ட்டில் ஒட்டுகிறார்கள். அங்கே 1970-களில் கலிபோர்னியா காட்டுத்தீயிலிருந்து பிறந்த சம்பவக் கட்டளை முறையை, அதாவது பேரிடர் நேரத்தில் யார் யாருக்கு உத்தரவு போடுவது என்ற ஏற்பாட்டை, நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. அதில் மாவட்ட அளவில் பொறுப்பு அதிகாரி கலெக்டர்தான். அதைப் படியுங்கள். 2005 சட்டத்துக்கு வந்த 2025 திருத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். மாநகராட்சி நகரங்களுக்கு நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்க அது இடம் கொடுக்கிறது. வேலூரும் மாநகராட்சி என்பதால் நாளைக்கு உங்கள் வேலையே அதைச் சுற்றி வரலாம்.

ஆய்வுத் தலைப்பு எடுக்கும்போதுதான் எனக்கு நிஜமாகவே வருத்தம். நம் பிள்ளைகள் சென்னை 2015 வெள்ளம், நாகப்பட்டினம் சுனாமி என்று ஓடுகிறார்கள். ஏற்கெனவே நூறு பேர் எழுதிய தலைப்பு அது. வாசலில் இருக்கும் பாலாற்றைப் பற்றி எழுத ஆள் இல்லை. வருஷக்கணக்கில் மணலாகக் கிடந்துவிட்டு ஒரே நாளில் வருகிற ஆறு இது. 1903-ல் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன ஆறு. நடுவில் பல வருஷம் தண்ணீரே வராததால் கரையில் வீடு கட்டியவர்களுக்குப் பயமே இல்லாமல் போய்விடுகிறது, அந்தப் பயமின்மையை ஆராய்ந்தாலே ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும். பொன்னையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திராவில் கலவகுண்டா அணையில் தண்ணீர் திறந்தால் அது நம் பக்கம் பொன்னைக்கு வந்து சேர்கிறது. அந்தச் செய்தி சித்தூரிலிருந்து புறப்பட்டு வேலூர் கலெக்டர் அலுவலகம், காட்பாடி தாலுகா ஆபீஸ் வழியாக ஆற்றோரத்து வீட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது, தண்ணீர் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மாநில நிர்வாகம், ஒரு ஆறு. இதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்?

வெள்ளம் என்றாலே தண்ணீர் தேங்கிய வரைபடம் போடுவதோடு நிறுத்திவிடுவதும் தவறு. 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். தொடர் மழையில் ஊறிய சுவர் அது. வெள்ள வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஆறு எதுவரை ஏறும் என்று தெரியும், எந்தச் சுவர் சாயும் என்று தெரியாது. பழைய வீடுகளின் பட்டியல் எங்கே, அவற்றை யார் போய்ப் பார்க்கிறார்கள், மழை எத்தனை நாள் நீடித்தால் ஆட்களை வெளியேற்றுவது என்பதை உங்கள் ஆய்வு கேட்க வேண்டும். வரைபடம் போடும் மென்பொருளான க்யூஜிஐஎஸ் இலவசம், இஸ்ரோவின் செயற்கைக்கோள் வரைபடத் தளமான புவனும் இலவசம், இரண்டையும் முதல் பருவத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வரைபடம் போட்ட கையோடு அந்தத் தெருவுக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

புள்ளிவிவரம் எடுக்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுகிறார்கள். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது, 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. 2018-ம் வருஷத்து 'வேலூர் மாவட்டம்' என்றால் அதில் அரக்கோணமும் ஆம்பூரும் உண்டு, 2022-ல் இல்லை. இதைக் கவனிக்காமல் இரண்டு வருஷத்தையும் ஒப்பிட்டு 'சேதம் குறைந்திருக்கிறது' என்று எழுதினால் முழு அத்தியாயமும் தப்பு. தாலுகா வாரியாக எடுத்துக் கூட்டுங்கள், அதிலும் தாலுகா எல்லை மாறியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரிடர் என்றால் இயற்கைச் சீற்றம் மட்டும் என்று நினைப்பதும் வேண்டாம். ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் 10 பேர் கழிவுச் சேற்றில் மூச்சு முட்டிச் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆபத்தான ரசாயனம் கையாளும் பெரிய ஆலைகளுக்கு, ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்ற அவசரத் திட்டத்தை மாவட்ட நிர்வாகம் வைத்திருக்க வேண்டும் என்று 1989 விதிகள் சொல்கின்றன. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு திட்டத்தை எடுத்துவைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெயிலும் அப்படித்தான். தமிழ்நாடு அரசு வெப்ப அலையை 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. வேலூர் வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் எழுதப் பழகாமல் விட்டுவிடாதீர்கள். 'இத்தனை ஆயிரம் கன அடி உபரிநீர் வெளியேற்றப்படுகிறது' என்று மட்டும் சொன்னால் கரையோரம் இருக்கும் பாட்டிக்கு என்ன புரியும்? 'ராத்திரி எட்டு மணிக்குள் தண்ணீர் வரும், தரைப்பாலத்தில் போகாதீர்கள், மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள், ஆதார், பட்டா, மாத்திரையை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்' என்று எழுதத் தெரிய வேண்டும். உயிர் காப்பது அந்த வாக்கியம்.

வெளிநாடு போகிறவர்களுக்குச் சுருக்கமாக இரண்டு விஷயம். அமெரிக்காவில் இந்த முதுகலைகள் பல, வேலையில் இருப்பவர்களுக்கான முழு ஆன்லைன் படிப்புகள். அதில் சேர்ந்து எஃப்-1 மாணவர் விசா வாங்க முடியாது. நேரில் போய்ப் படித்தாலும் ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும். அப்புறம் ஃபெமா (அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) மாதிரியான மத்திய அரசு வேலைகள் பொதுவாக அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குவதற்கு முன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இங்கேயே படிப்பதென்றால், பட்டமா பட்டயமா என்று பாருங்கள். இக்னோ நடத்துவது முதுகலைப் பட்டயம். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் முழுநேர முதுகலைப் பட்டம் இருக்கிறது. விஐடியில் பேரிடர் தணிப்பு மற்றும் மேலாண்மைக்கு ஒரு மையம் இருக்கிறது, ஆனால் ஆராய்ச்சி மையம் இருக்கும் இடமெல்லாம் முதுகலை வகுப்பு நடக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொலைதூரப் படிப்பு என்றால் யுஜிசி அனுமதி அந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர் ஆகலாம் என்று யாராவது சொன்னால், அதற்குத் தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம் தனியாகக் கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியில் கேட்க வேண்டியது: களப்பயிற்சி எந்த அலுவலகத்தில், எத்தனை வாரம், போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? முடிந்தால் அவர்களில் இரண்டு பேருடைய நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள், இதற்குப் பதில் சொல்லாமல் மழுப்புகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.